பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு

இருதயமேரிக்கு நாற்பத்து மூன்று வயது. மகன் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மகளைக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அப்படியும் வியாழக்கிழமை சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் கால் வீட்டுப் பக்கம் திரும்பாது. திண்டிவனம் ரயிலடிக்குத்தான் போகும். சென்னையிலிருந்து வரும் பாசஞ்சரில் சிறுவர் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும் நாள் அது. கடைக்காரர் சணல் கயிற்றை அறுத்து, மேலே இருக்கும் முதல் இதழை அவளிடம் நீட்டுவார். பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பாதியைப் படித்துவிடுவாள். மீதியை வீட்டுக்குப் போய், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் படிப்பாள். சோறு குழைந்துபோன வியாழக்கிழமைகள் நிறைய உண்டு.

பெரியவர்களுக்கான நாவல்களையும் அவள் படித்துப் பார்த்திருக்கிறாள். அவற்றில் வருகிறவர்கள் பக்கம் பக்கமாக யோசித்தார்கள். ஒருவரும் வாசற்படியை விட்டு இறங்குவதாகக் காணோம். பிள்ளைகள் கதை என்றால் முதல் பக்கத்திலேயே யாராவது ஒரு சிறுவனோ சிறுமியோ துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். கூடவே அவளும் கிளம்பிவிடுவாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை எடுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கூட வேலை பார்க்கும் ஜெயம் டீச்சர், "அஞ்சாங்கிளாசு பாஸ் பண்ணாமயே டீச்சராயிட்டீங்களா மேரி?" என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்கும்படி கேட்பாள். இருதயமேரியும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஊரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த அவள் கணவர் இன்னாசிராஜ் மட்டும் கேலி செய்ததில்லை. கதை எந்த மட்டில் இருக்கிறது என்று சாப்பிடும்போது விசாரிப்பார். பதில் முடிவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவார், அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி நீதிபோதனை வகுப்பு. அந்த ஒரு மணி நேரத்தை அவள் தன்னுடையதாக்கிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரையும் தரையில் நெருக்கி உட்காரவைத்து, பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாசிப்பாள். பிள்ளைகளுக்கு நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணமெல்லாம் பெரிதாக இல்லை. தான் படித்ததை இன்னொரு தடவை படிக்க அது ஒரு சாக்கு. கூடவே வாய் பிளந்து கேட்க ஆள் இருந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த மாதத்தில் 'மரக்காணத்துப் படகு' என்ற தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் பெயர் 'கிளியனூரான்' என்று போட்டிருந்தது. அப்பா அம்மா இல்லாத சின்னபொண்ணு என்ற சிறுமி. அவளுடைய அண்ணன் தாண்டவராயன் உப்புப் படகில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. கால் நொண்டும் ஓர் ஆட்டுக்குட்டியை இழுத்துக்கொண்டு, பக்கிங்காம் கால்வாய்க் கரையோடு மரக்காணத்திலிருந்து சென்னைவரைக்கும் அவனைத் தேடி நடந்து போகிறாள். வழியில் அவள் தின்ற பனங்கிழங்கு, படுத்த உப்புக் கொட்டகை, கரையில் நண்டு தோண்டும் வளைகள் எல்லாம் கண்ணால் கண்டதுபோல் எழுதப்பட்டிருந்தன. இத்தனை வருஷம் படித்த கதைகளில் இருதயமேரியை இப்படிப் பிடித்து இழுத்தது வேறொன்றில்லை. சின்னபொண்ணுக்குக் கால் வெடித்த வாரம் அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு ரயிலடியிலிருந்து வீடுவரை நடந்து பார்த்தாள். இதை இன்னாசிராஜிடம்கூடச் சொல்லவில்லை.

பத்தொன்பதாவது அத்தியாயத்தில் சின்னபொண்ணு சென்னைக்குப் போய்ச் சேர்ந்து ஒரு பாலத்தின்மேல் நிற்கிறாள். கீழே ஒரு படகு நுழைகிறது. பாலத்துக்கு அடியிலிருந்து, இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கும் சீழ்க்கை கேட்கிறது. அது அண்ணனுடைய சீழ்க்கை. ஆட்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடுகிறாள். 'தொடரும்' என்று போட்டிருந்தது.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, ஆசிரியரின் உடல்நலக் குறைவு காரணமாகத் தொடர் இந்த இதழில் வெளிவரவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரமும் அதே கட்டம். மூன்றாம் வாரம் அதுவும் இல்லை. ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது.

வகுப்பில் பிள்ளைகள் இரண்டு வாரம் முனகிவிட்டு விட்டுவிட்டார்கள். வெள்ளையம்மாள் மட்டும் விடவில்லை. ஒலக்கூர் சாலையில் இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து நடந்து வருகிற பெண் அவள். அவளுடைய அண்ணன் பெரியதம்பி பதினாறு வயதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றிய ஒரு லாரியில் ஏறிச் சென்னைக்குப் போனவன். இரண்டு வருஷமாக ஒரு கடிதம் இல்லை. சீழ்க்கை வந்த வாரம், "எங்க அண்ணனும் இப்பிடித்தான் அடிக்கும் டீச்சர்" என்று அவள் எழுந்து நின்று சொல்லியிருந்தாள். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிவாங்கக் காத்திருப்பவள்போல் முகத்தை வைத்துக்கொண்டு, "வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

இருதயமேரி பத்திரிகைக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. அப்புறம்தான் பெயரிலேயே ஊர் இருக்கிறதே என்று உறைத்தது. கிறிஸ்துமஸ் லீவில் புதுச்சேரி பஸ் பிடித்துக் கிளியனூருக்குப் போய் இறங்கி, டீக்கடையில் விசாரித்தாள். கதை எழுதுகிற ஆள் யாரும் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் பாண்டுரங்கன் என்று ஒருவர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருக்கிறார், எந்நேரமும் எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பார், ஐப்பசியில் கை கால் விழுந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார்.

ஜனவரி முதல் சனிக்கிழமை அவள் விழுப்புரத்துக்கு ரயிலேறினாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பாண்டுரங்கன் ஜன்னலோரம் கயிற்றுக் கட்டிலில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைக்கப்பட்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண் மட்டும் கூர்மையாக இருந்தது. அவர் மனைவி அம்சவள்ளி, தேடிவந்திருப்பது ஒரு டீச்சர், அதுவும் கதையைப் படித்துவிட்டு வந்தவர் என்று தெரிந்ததும் தடுமாறிப் போய்விட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. புருஷன் எழுதியது அச்சில் வரும் என்பது தெரியும். அதை ஒருவர் படித்துவிட்டு ரயிலேறி வருவார் என்பது தெரியாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, கேட்டால் பதில் சொல்கிறார் என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

இருதயமேரி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். தான் யார் என்று சொன்னாள். நாற்பது பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியை அலட்டக் கூடாது என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்ததால் இரண்டே கேள்விதான் வைத்திருந்தாள்.

"அந்தச் சீழ்க்கை தாண்டவராயன் அடிச்சதுதானே சார்?"

அவர் உதடு கொஞ்ச நேரம் துடித்தது. "ஆமா" என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

"சின்னபொண்ணு அவனப் பாத்துடுவா, இல்லீங்களா?"

"ஆமா."

இருதயமேரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அவள் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். காப்பியைக் குடித்தோமா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் ரயிலேறி, திண்டிவனம் வந்து சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். கதை முடிந்துவிட்டது. உலகத்தில் வேறு எவருக்கும் தெரியாத முடிவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைவரை அவளால் பொறுக்க முடியவில்லை. திங்கட்கிழமை முதல் மணியிலேயே, ஆஜர் எடுப்பதற்கு முன்னால், பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். வகுப்பே கைதட்டியது. வெள்ளையம்மாள் தட்டவில்லை. எழுந்து நின்று, "அவரே சொன்னாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"அவர் வாயாலயே சொன்னாரு. நான் கேட்டேன், ஆமான்னாரு."

அந்தப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள். அன்று சாயந்திரம் போகும்போது மற்றப் பிள்ளைகளோடு கைகோத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி இருதயமேரி பார்த்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் வெள்ளையம்மாளின் அம்மா முனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். களையெடுத்த சேறு காலில் காயாமல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குள் வரக் கூச்சப்பட்டாள். இருதயமேரியே வெளியே போனாள்.

"கதை எழுதறவரு சொன்னாராமே, பையன் கெடச்சுடுவான்னு. ரயில்ல வேல பாக்கறவராமே. எந்தப் புள்ள எங்க போவுதுன்னு அவுங்களுக்குத்தானே டீச்சர் தெரியும்? எம்புள்ள பேரு பெரியதம்பி. நெத்தியில இந்தப் பக்கம் தழும்பு இருக்கும். அடுத்த தபா போவசொல்ல ஒரு வார்த்த கேளுங்க."

இருதயமேரி பதறிப்போனாள். அது கதை, அதில் வருகிற பிள்ளைகள் நிஜமான பிள்ளைகள் இல்லை, எழுதுகிறவர் மனசில் கட்டிச் சொல்வது என்று எத்தனையோ விதமாகச் சொன்னாள். முனியம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"கதைதான் டீச்சர். தெரியாததயா எழுதிடுவாரு?" என்றாள் கடைசியில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையில் இறங்கி நடந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இன்னாசிராஜ் கை கழுவ எழுந்துவிடாமல் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்த மனிதர் 'ஆமா'வைத் தவிர வேறு என்ன பேசினார் என்று விசாரித்தார். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேறு கேள்வியே கேட்கவில்லையே என்றாள். டாக்டர் ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை வந்தபோது, நானும் கூட வருகிறேன் என்றார்.

இரண்டாம் தடவை போனபோது பாண்டுரங்கன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையைத் தூக்கினார். இன்னாசிராஜ் நாடி பார்த்தார், விழுந்த கையை நீவிவிட்டார், நாக்கை நீட்டச் சொன்னார். பாண்டுரங்கனும் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார். பிறகு இன்னாசிராஜ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்டார்.

"சார், இன்னிக்கி செவ்வாக்கெழமைதானே?"

"ஆமா."

"உங்க பேரு தொம்மைதானுங்களே?"

"ஆமா."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. தலையை அப்படியும் இப்படியும் உருட்டினார். இன்னொரு தடவை, இன்னும் பலமாக, "ஆமா" என்றார். உள்ளேயிருந்து அம்சவள்ளி, "என்ன சொன்னாலும் ஆமான்னிக்கினு கெடக்கிறாரு சார். நல்லா இருந்தப்ப ஒண்ணத்துக்கும் ஒத்துக்கினது கெடயாது" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அதை இவ்வளவு நாளாக ஒரு நல்ல மாறுதல் என்றே நினைத்திருந்தாள்போல் இருக்கிறது.

இருதயமேரி சிரிக்கவில்லை. மெதுவாகப் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டாள். "அந்தப் பையன் செத்துட்டானா சார்?"

"ஆமா" என்றார் பாண்டுரங்கன்.

இன்னாசிராஜ் அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். குவார்ட்டர்ஸ் வேலியோரம் நின்று, தணிந்த குரலில் சொன்னார். "மூளையில பேச்சு இருக்கற இடம் அடிபட்டுப் போச்சு மேரி. இந்த மாதிரி ஒரு கேஸ் முன்னாடி பாத்திருக்கேன். ஒரே ஒரு வார்த்த மட்டும் நின்னுடும். நாம சொல்றதெல்லாம் அவருக்குப் புரியுது. கதை உள்ள அப்பிடியேதான் இருக்கும். அவரு சொல்ல வர்றது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு."

"எழுதிக் காட்டச் சொன்னா?"

திரும்பப் போய் அதையும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிலேட்டை வாங்கி, பலப்பத்தை இடது கையில் கொடுத்தார்கள். அவர் வெகுநேரம் சிலேட்டையே பார்த்தார். பிறகு கோடு கோடாக இழுத்தார். எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்தும் போய்விட்டது. இருதயமேரி கடைசியாகத் தன் இரண்டு விரலை நீட்டினாள். அண்ணன் உயிரோடு கிடைத்தால் இந்த விரலைத் தொடுங்கள், இல்லையென்றால் அந்த விரலை என்றாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அம்சவள்ளி வந்துதான் கையைப் பிரித்துவிட்டாள்.

திண்டிவனத்துக்கு ரயிலேறினார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் இன்னாசிராஜ், "புள்ளைங்ககிட்ட ஒண்ணும் சொல்லவேணாம். மறந்துடுங்க" என்றார். பிள்ளைகள் மறந்துவிடும் என்றுதான் சொன்னார். தனக்கும் சேர்த்துச் சொன்னதாக அவளுக்குப் பட்டது.

சொல்லத்தான் வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைத்துக்கொண்டு போவாள். வெள்ளையம்மாள் முன்வரிசையில் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கணக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்திருந்தாள். அண்ணன் வந்தால் தன்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாள் காதில் விழுந்தது. இருதயமேரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இலக்கணம் நடத்தினாள். முனியம்மாள் இன்னொரு தடவை வாசலில் வந்து நின்றபோது, ஆஜர் ரிஜிஸ்தரைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் விழுப்புரம் போகவில்லை என்று பொய் சொன்னாள்.

மார்ச் மாதம் முதல் வியாழக்கிழமை கடைக்காரர் இதழை நீட்டியபோது அட்டையிலேயே போட்டிருந்தது: 'மரக்காணத்துப் படகு – நிறைவு அத்தியாயம்.' சிமெண்டு பெஞ்சுக்குப் போகக்கூட இல்லை, கடையோரம் நின்றபடியே புரட்டினாள்.

ஒன்றரைப் பக்கம். சின்னபொண்ணு பாலத்துப் படியில் ஓடுகிறாள், கால் தடுக்கி விழுகிறாள், கண்ணை விழிக்கிறாள். பார்த்தால் மரக்காணத்தில் தன் வீட்டுப் பாயில் கிடக்கிறாள். தாண்டவராயன் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, 'எழுந்திரு, பொழுது விடிந்து எவ்வளவு நேரமாயிற்று, கனவு கண்டாயா?' என்று கேட்கிறான். ஆட்டுக்குட்டி வாசலில் துள்ளுகிறது. அதற்குக் கால் நொண்டவில்லை. முற்றும். அடியில் கிளியனூரான் என்றுதான் இருந்தது. யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்துவிட்டிருக்கிறார். பனங்கிழங்கு தின்றது, கால் வெடித்தது, உப்புக் கொட்டகையில் தேளுக்குப் பயந்து உட்கார்ந்தே தூங்கியது, அத்தனையும் கனவாம். இருதயமேரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைப் போய்க் கேட்பது?

வகுப்பில் இதை வாசிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வகுப்பில் இரண்டு பெண்கள் வீட்டிலும் அந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே செய்தி பரவிவிட்டது. கடைசி மணியில் பிள்ளைகள் தாங்களாகவே தரையில் இறங்கி நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். வாசித்தாள். முடித்ததும் கைதட்டினார்கள். டீச்சர் சொன்னமாதிரியே அண்ணன் கிடைத்துவிட்டான் என்று ஒரு பெண் சொன்னாள். ஆட்டுக்குக் கால் சரியாகிவிட்டதில் இன்னொருத்திக்கு ரொம்பத் திருப்தி.

வெள்ளையம்மாள் எழுந்து நின்றாள்.

"அப்ப அந்த அண்ணன் எங்கயுமே போவலியா டீச்சர்?"

"போகலம்மா."

"சீழ்க்க அடிச்சது?"

இருதயமேரி பத்திரிகையை மடித்தாள். அது கனவு என்று அவள் வாயால் சொல்ல முடியவில்லை.

"எங்க அண்ணன் போனது நெசம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். அழவில்லை. சிலேட்டை எடுத்து எச்சில் தொட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. மறுநாளும் இல்லை.

சனிக்கிழமை இருதயமேரி விழுப்புரம் போனாள். அங்கே அம்சவள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகம் பூரித்திருந்தது. பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்து, கதை வந்திருக்கிறது, அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. முன்னாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார், இப்போதுதான் போட்டிருக்கிறார்கள் என்று அவள் தானாகவே முடிவு செய்திருந்தாள்.

"அவருக்குப் படிச்சுக் காட்ட ஆளில்ல டீச்சரம்மா. நல்ல வேள நீங்க வந்தீங்க. நானும் கேக்கறேன், என்னதான் எழுதியிருக்கிறாருன்னு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இருதயமேரி முடியாது என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அம்சவள்ளியின் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பத்திரிகையை வாங்கி, குரலை இறக்கி, சின்னபொண்ணு படியில் ஓடுவதிலிருந்து வாசித்தாள். பாண்டுரங்கன் முதல் வரியிலேயே தலையணையிலிருந்து முன்னால் நகர்ந்தார். கால் தடுக்கி விழும் இடத்தில் அவர் மூச்சு பெரிதாகக் கேட்டது. பாய் வந்ததும், தாண்டவராயன் தோளை உலுக்கியதும், இடது கை நீண்டு வந்து பத்திரிகையைப் பற்றியது. அவளால் விடுவிக்க முடியவில்லை. இழுத்தார். பக்கம் நடுவில் கிழிந்தது. கையில் வந்ததைக் கசக்கித் தரையில் போட்டார். "ஆமா" என்று கத்தினார். "ஆமா. ஆமா." கழுத்து நரம்பு புடைத்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.

அம்சவள்ளி பயந்துபோய் அவரைப் பிடித்துப் படுக்கவைத்தாள். வலி எடுத்துவிட்டதா என்று வயிற்றைத் தடவினாள். கிழிந்த பக்கத்தைப் பொறுக்கி, மடியில் வைத்து நீவிச் சரிசெய்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகத்தையே இருதயமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நெற்றிக்குப் பின்னால் பாலம் இருந்தது, படகு இருந்தது, சின்னபொண்ணு படியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சாண் தூரத்தில். அவளால் எட்ட முடியவில்லை, அவரால் கொடுக்க முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்கிறாரா டீச்சரம்மா?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"அவரு எழுதினதெல்லாம் நல்லா இருக்கும்மா" என்றாள் இருதயமேரி. அதில் பொய் இல்லை.

அடுத்த வாரமும் வெள்ளையம்மாள் வரவில்லை. தலைமையாசிரியை பெயரை அடித்துவிடலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருதயமேரி ஒலக்கூர் பஸ்ஸில் ஏறினாள். ஊர்ச்சாவடியில் கேட்டபோது கழனியைக் காட்டினார்கள். மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பத்துப் பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளையம்மாளும் அதில் இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையெல்லாம் செம்மண்.

இருதயமேரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரிகையில் வந்த முடிவு அவர் எழுதியது இல்லை. அண்ணன் கிடைப்பான் என்று தான் சொன்னதும் சரியில்லை. அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும், அது தெரியாமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. உண்மையான முடிவு அவருக்கு மட்டும்தான் தெரியும், அவரால் சொல்ல முடியாது. இத்தனையும் கேட்டுக்கொண்டு அந்தப் பெண் காய் ஆய்ந்தபடியே இருந்தாள். நம்பினாளா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் வருகிறாயா என்றதற்கு, அறுப்பு முடியட்டும் என்று அவள் அம்மாதான் பதில் சொன்னாள். அதற்கப்புறம் கேப்பை நடவு இருக்கிறது என்பதையும் அவளேதான் சொன்னாள்.

முனியம்மாள் சாலைவரைக்கும் கூட வந்தாள். ஒரு கை மல்லாட்டையை இருதயமேரியின் பையில் போட்டாள். பாதியை மட்டும் காதில் வாங்கியிருந்தாள்போல.

"அவருக்குப் பேச்சு வராதா டீச்சர்?"

"வராதும்மா."

"பாவம்" என்றாள் முனியம்மாள். "எப்பனா வந்துச்சுன்னா கேட்டுச் சொல்லுங்க."

சரி என்றாள் இருதயமேரி. வேறு என்ன சொல்வாள்? முனியம்மாள் கழனிக்குத் திரும்பிப் போனாள்.

பஸ் வர நேரமாகியது. புளிய மரத்தடியில் ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்தாள். பையில் இந்த வாரத்துப் பத்திரிகை பிரிக்காமல் கிடந்தது. வியாழக்கிழமை வாங்கவே கூடாது என்று நினைத்துத்தான் ரயிலடிக்குப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல முதல் இதழை நீட்டினார், கை வாங்கிக்கொண்டது. இப்போது அதை வெளியே எடுத்தாள். புதுத் தொடர் ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். எழுதியவர் பெயர் கேள்விப்படாத பெயர். ஒரு பையன், மலையடிவாரத்தில் ஒரு கிராமம், விடியற்காலையில் அவன் யாருக்கும் தெரியாமல் கதவைத் திறக்கிறான். படிக்கக் கூடாது என்று மூடினாள். திரும்பிப் பார்த்தால் தூரத்துக் கழனியில் குனிந்திருந்த தலைகளில் எது வெள்ளையம்மாள் என்று தெரியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பத்திரிகையைத் திறந்து, விட்ட வரியிலிருந்து படித்தாள். நன்றாகத்தான் இருந்தது.